ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள்: பிச்சாவரத்து அலையாத்தி மரங்களில்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்துள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையை இன்று இங்கே காணலாம். உப்பும் வெயிலும் காற்றில்லாச் சேறும் ஒருசேர வாட்டும் இவ்விடத்தில், மரங்களின் செல்கள் மடியாமல் காப்பதில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

உப்பு மிகும்போது, நீரை இழக்காதிருக்க இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடு குறையும், வெயிலோ குறையாது. பசுங்கணிகத்தில் ஒளியால் கிளர்ந்த எலக்ட்ரான்கள் போக்கிடமின்றி ஆக்சிஜனைப் பற்ற, செல்லுக்கு ஆபத்தான சூப்பராக்சைடு உண்டாகிறது. மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் அடையாளம் கண்ட சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி, இதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. ஆபத்து அத்துடன் தீர்வதில்லை. பெராக்சைடு இரும்பு அயனியோடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் பிறக்கும். அது எதிர்ப்படும் எதையும் தாக்கும், அதை அடக்க நொதியே கிடையாது. ஆகவே அதற்கு முன்பே பெராக்சைடைத் தண்ணீராக்கிவிட வேண்டும். கேட்டலேஸ் அதைச் செய்கிறது. பசுங்கணிகத்துக்குள் அஸ்கார்பேட் பெராக்சிடேஸ், வைட்டமின் சி-யைச் செலவிட்டுச் செய்கிறது. செலவானதைக் குளூட்டாதயோன் மீட்டுத் தருகிறது. சவ்வின் கொழுப்பில் பரவும் தொடர்வினையை வைட்டமின் ஈ அறுக்கிறது. இந்த எதிர்ப்பிகள் தளர்ந்தால் சவ்வு கசியத் தொடங்கும். மைட்டோகாண்ட்ரியா சிதைந்தால் செல்லின் சாவு நெருங்கிவிடும்.

எதிர்ப்பிகளின் இந்தக் காவல் இரண்டாம் அரண்தான். வெண்கண்டல் மரம் முதலில் சுரப்பிகள் வழியே உப்பை வெளியேற்றுகிறது. அதன் இலைமேல் உப்புப் படிகங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். தில்லைக்கு அத்தகைய சுரப்பி இல்லை. உப்பேறிய மூத்த இலைகளைச் சிவக்கவிட்டு உதிர்த்துவிடுகிறது.

சிறிதளவு பெராக்சைடு செல்லுக்குச் சமிக்ஞையாகவும் தேவை. மனிதர்களும் எதிர்ப்பிகளை அள்ளி உண்டால் நல்லது என்ற நம்பிக்கை சரியல்ல. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்னும் எதிர்ப்பியை மாத்திரையாக உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% கூடியதென 1994-இல் தெரியவந்தது.

பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இக்காட்டை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அலையாத்தித் தாவரச் சாறுகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனும் சோதிக்கப்பட்டுள்ளது. சோதனைக் குழாயில் கண்ட திறனை மருந்தென்று கொள்ளலாகாது. தில்லையின் பால் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகப் பறிக்கும். பிச்சாவரத்தில் படகில் செல்வோர் அதன் கிளையை ஒடிக்கவே கூடாது.