ஹெரால்டின் பெட்ரோல் கழுத்து

பெட்ரோல் பங்கில் குழாயை நுழைக்கிறோமே, அந்த வாய்க்கும் உள்ளே இருக்கிற டேங்குக்கும் நடுவில் ஒரு குட்டைக் குழாய் உண்டு. ஆங்கிலத்தில் அதைக் கழுத்து என்கிறார்கள். நான் பிரெஞ்சில் பாடம் படித்தவன். அங்கே பாட்டிலின் கழுத்து ‘குலோ’, காரின் இந்தக் குழாய் ‘குலோத்’. ஒரே வீட்டுப் பெயர்தான். நம்மூர் மெக்கானிக்குகள் டேங்க் வாய் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். ஐம்பது வருடப் பழைய காரில் இதைக் கழற்றிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

காரின் ஆரம்ப நாட்களில் இந்தக் கழுத்துக்கு வேலையே இல்லை. 1888இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் கணவருக்குத் தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பினார். வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கி ஊற்றினார். ஃபோர்டின் மாடல் டி காரில் டேங்க் முன்சீட்டுக்கு அடியில். பெட்ரோல் போட வேண்டுமானால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து இறங்க வேண்டும். டேங்க் பின்பக்கம் போய், அதன் வாய் மட்டும் வெளித்தகட்டுக்கு வந்தபிறகுதான் இரண்டையும் சேர்க்க ஒரு கழுத்து தேவைப்பட்டது. டேங்க் ஒரு விதமாக ஆடும், பாடி ஒரு விதமாக ஆடும். ஆகவே நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ், அதற்கு இரண்டு பக்கமும் கிளிப். வில்லங்கம் அந்த ரப்பரில்தான்.

நம் தமிழ்நாட்டுக் காரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு வருகிறேன். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் அது. வரைந்தவர் இத்தாலியர், ஜியோவானி மிக்கெலோட்டி. அந்தக் காலத்துக் கார்கள் எல்லாம் ஒரே கூடாகப் பற்றவைத்த பாடிக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழையபடி தனிச் சேசிஸ் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய பாடி. காரணம் கலை அல்ல, வியாபாரம். அவர்களுக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை 1953இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழுப் பாடி அடித்துத் தர ஆள் இல்லாததால் பல இடங்களில் துண்டுகளாகச் செய்து வாங்கினார்கள். அந்தச் சங்கடம் நமக்கு வசதியானது. ராட்சத அச்சு இயந்திரங்கள் இல்லாமலே சென்னையில் இந்தக் காரைக் கட்ட முடிந்தது. 1961 முதல் வண்டலூருக்குப் பக்கத்தில் பெருங்களத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது. நான்கு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இங்கே மட்டும்தான் செய்யப்பட்டது என்பது நம்மவர் பலருக்கே தெரியாது.

இதே சேசிஸைக் குட்டையாக்கி, இதே மிக்கெலோட்டி வரைந்த உடலை மாட்டி, இங்கிலாந்தில் 1962இல் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டுக்குக் கூடப்பிறந்த தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள் ஒரு பக்கச் சுவரை ஒட்டி இருக்கும். ஸ்பிட்ஃபயரில் சீட்டுக்குப் பின்னால் குறுக்காக இருக்கும். மூடி காரின் முதுகில் நட்டநடுவே. 1965இல் பிரான்சின் லெ மான் நகரத்து 24 மணி நேரப் பந்தயத்தில் ஸ்பிட்ஃபயர் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. அந்த மாதிரிப் பந்தயத்தில் பெட்ரோல் நிரப்பும் நொடிகளும் கணக்கு. அதனால்தான் பந்தயக் கார்களில் டேங்க் வாய் அகலம், மூடியும் ஒரு தட்டில் திறக்கும். ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் செய்யப்படவில்லை. ஆனால் இரண்டு கார்களிலும் கழுத்து இறுகிக்கொள்ளும் விதம் ஒன்றுதான்.

பெட்ரோலும் அதன் ஆவியும் வருடக்கணக்கில் ரப்பரை நனைத்து நனைத்து, அதன் நெகிழ்வை உறிஞ்சிவிடும். ரப்பர் மரக்கட்டை ஆகிவிடும். உள்ளே இரும்புக் கழுத்தில் துரு ஏறும். துரு இரும்பைவிடப் பருமன் கூடியது. அது கட்டையான ரப்பருக்குள் ஆப்பு அடித்தமாதிரி பிடித்துக்கொள்ளும். கிளிப்பைக் கழற்றியதும் கழுத்து கையோடு வந்துவிடும் என்பதெல்லாம் புத்தகத்தில்தான்.

எங்கள் திருவண்ணாமலையில், போளூர் சாலைப் பக்கம் ஒரு பட்டறையில் இந்த வேலையை முழுசாகப் பார்த்தேன். வண்டி என் நண்பருடைய ஹெரால்டு. பட்டறை பாய்க்கு என் வயது இருக்கும். பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, டிக்கியைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டார். வடித்தது இரும்பு டின்னில். பிளாஸ்டிக் வாளியில் வடித்தால் உராய்வில் மின்சாரம் சேர்ந்து பொறி வரலாம் என்றார். மறுநாள் உதவிக்கு இருந்த பையன் ஸ்க்ரூ டிரைவரை ஹோஸுக்குள் விட்டு நெம்பப் போனான்.

“டேய், நெம்பாதே. ரப்பர் போனா வாங்கிக்கலாம். டேங்க் வாய் கிழிஞ்சா எங்கடா போவ?” என்றார் பாய். என் பக்கம் திரும்பி, “இதுக்கு ரப்பரைத்தான் பலி குடுக்கணும் சார்,” என்றார்.

வெந்நீரில் நனைத்த துணியை ஹோஸைச் சுற்றிக் கட்டினார். ஆறியதும் திரும்ப வெந்நீர். இப்படி நாலைந்து முறை. பிறகு பிளேடால் ஹோஸை நீளவாக்கில் மெதுவாகக் கீறினார், இரும்பில் படாமல். கீறல் வாய் பிளந்ததும் கழுத்தை இடமும் வலமுமாகத் திருகினார், இழுக்கவில்லை. பாடித் தகட்டில் கழுத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வளையமும் பாறையாகியிருந்தது. அதற்கும் அதே வைத்தியம். முற்பகலில் தொடங்கியது மூன்று மணிக்கு வெளியே வந்தது.

அவ்வளவு பொறுமை எதற்கு, கேஸ் விளக்கைக் காட்டினால் ஐந்து நிமிடம்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவிகிதம் வரை இருந்தாலே வெடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவிக்குக் காற்றோடு கலக்க இடம் குறைவு. வடித்த டேங்கில் இடம் தாராளம். மேலும் அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் டிக்கியின் அடியிலும் பட்டறைப் பள்ளத்திலும் போய்ப் படுத்துக்கொள்ளும். மூக்குக்கு ஒன்றும் தெரியாத நேரத்திலும் தரையில் அது இருக்கும். பாய் பட்டறையில் அன்று பக்கத்தில் வெல்டிங்கும் இல்லை, பீடியும் இல்லை.

இந்த வேலைக்கு இப்போது திடீரென்று ஆட்கள் அலைவதற்குக் காரணம் எத்தனால். நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவிகிதத்தை எட்டியது, 2025இல் 20 சதவிகிதம். ஹெரால்டு காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. சாராயம் பட்டதும் ஊதும், பிசுபிசுக்கும், துகளாக உதிர்ந்து கார்பரேட்டர் வரை போகும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்கில் துருவும் கூடும். கரும்பு விவசாயிக்கு இதில் லாபம் என்கிறார்கள், இருக்கட்டும். பழைய கார்க்காரர் தலையில் ஹோஸ் மாற்றும் செலவு விழுந்ததும் உண்மை.

புது ஹோஸிலும் கவனம் வேண்டும். விட்டம் பொருந்துகிறதே என்று ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டுகிறவர்கள் உண்டு. அது வெந்நீருக்கான ரப்பர், பெட்ரோலில் ஊறினால் வீங்கிக் கொழகொழவென்று ஆகிவிடும். எத்தனால் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் பூச்சுள்ள எரிபொருள் ஹோஸ்தான் வேண்டும். நண்பர் அதைச் சென்னையில் சொல்லி வரவழைத்தார். டேங்கையே புதிதாக வாங்கலாம் என்றால் அதற்கு வழியில்லை. ஹெரால்டுக்குப் பின் கெஸல், அதற்குப் பின் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று வந்து, 1988 வாக்கில் பெருங்களத்தூர் தொழிற்சாலை மூடிவிட்டது. அந்த நிலத்தில் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும்.

கழற்றிய கழுத்தைப் பாய் துரு சுரண்டி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, இன்னும் முப்பது வருடம் ஓடும் என்றார். வெட்டிய ஹோஸைப் பையன் தரையில் தட்டினான். ‘டக்’ என்று கட்டைச் சத்தம்.