மரபுத்தொடரும் அயன்மொழியாளரும்: ஆங்கிலக் கல்வி வரலாற்றில் ஒரு கட்டம்

ஒரு மொழியின் இலக்கணத்தைக் கற்று, அதன் சொற்களுட் பலவற்றை மனனஞ் செய்த ஒருவரும், அம்மொழியிற் பேசத் தொடங்கியவுடனேயே பிறமொழியாளர் என இனங்காணப்படுவதுண்டு. அவரது வாக்கியத்தில் இலக்கண வழு எதுவும் இராது. ஆயினும் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் அவ்வாறு கூறுவதில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணமாய் அமைவன மரபுத்தொடர்களும் அன்றாட வழக்குகளுமாகும். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இவை முறையாகத் தொகுக்கப்பட்டுக் கற்பித்தற்குரிய பொருளாக வகுக்கப்பட்ட வரலாற்றின் முக்கிய கட்டம் இங்கிலாந்தில் அன்றி, தோக்கியோவிலும் டாக்காவிலுமே நிகழ்ந்தது. அக்கட்டத்தினை நோக்கி, அதிலிருந்து பெறத்தக்க முடிபொன்றைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாய்மொழியாளருக்குத் தம் மொழியின் மரபுத்தொடர்கள் எளிதிற் புலப்படுவதில்லை. 'கனவு கண்டேன்' எனக் கூறும் தமிழர், காணுதல் என்னும் வினை அங்கு ஏன் வந்தது என எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கிலேயரின் நிலையும் இதுவே. 1755இல் வெளிவந்த தமது அகராதியின் முன்னுரையிற் சாமுவேல் ஜோன்சன், வினையுடன் ஓர் இடைச்சொல் சேர்வதாற் பொருள் மாறும் தொடர்களைத் தனியே எடுத்துக் கூறினார். அவை அயல்நாட்டாருக்குப் பேரிடர் விளைப்பன என்பதே அவ்வாறு கூறியமைக்கு அவர் காட்டிய காரணம். 'கிவ்' என்பது கொடுத்தல்; 'கிவ் அப்' என்பதோ கைவிடுதல். அயலாரின் இடர்ப்பாடு குறுக்கிட்டபோதே அத்தொடர்கள் ஆங்கில அறிஞரின் கவனத்திற்கு வந்தன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1868இன் பின்னர் மேனாட்டுக் கல்வியை விரைந்து ஏற்றுக்கொண்ட யப்பானில், ஆங்கிலம் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து வாசிக்கும் முறையிலேயே பயிலப்பட்டது. இம்முறையின் போதாமையை உணர்ந்தவர்களுள் ஒருவர் சயித்தோ ஹிதேசபுரோ (1866–1929). 1896இல் தோக்கியோவில் ஆங்கிலப் பாடசாலையொன்றை நிறுவிய இவர், யப்பானை விட்டு ஒருபோதும் வெளியே சென்றதில்லை. எனினும், 1915இல் மரபுத்தொடர்களையே முதன்மையாகக் கொண்ட ஆங்கில–யப்பானிய அகராதியொன்றை வெளியிட்டார். ஆங்கிலத்தை வெளியிலிருந்து நோக்கியமையே அவரது வலிமையாயிற்று எனலாம்.

1922இல் யப்பானியக் கல்வி அமைச்சின் ஆலோசகராக ஹரல்ட் பால்மர் தோக்கியோவுக்கு வந்தார். முதலாம் உலக யுத்தத்திற்கு முன் பெல்ஜியத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் விரிவுரையாற்றியவர் இவர். 1923இல் ஆங்கிலங் கற்பித்தல் பற்றிய ஆய்வு நிறுவகமொன்று இவரது தலைமையில் அமைக்கப்பட்டது. கற்போருக்கு இன்றியமையாத சொற்களைத் தெரிவுசெய்வது அதன் பணிகளுள் ஒன்று. அப்பணியினூடே ஓர் உண்மை தெளிவாயிற்று. சொற்களின் தொகையைக் குறைத்தல் கற்போரின் சுமையை முற்றாகக் குறைப்பதில்லை. 'மேக்', 'ரேக்', 'கெற்', 'புற்' முதலான மிகச் சிறிய, மிக எளிய சொற்களே மிகுதியான தொடர்களில் மறைந்துநின்று இடர் தருகின்றன. எனவே நிறுவகத்தினர் சொற்சேர்க்கைகளைத் தொகுக்கலாயினர். 1933இல் அவற்றை இலக்கண அமைப்பின்படி வகைப்படுத்திய அறிக்கையொன்று வெளியாயிற்று. பகுதி பகுதியாகப் பொருத்தி அமைப்பதை விடுத்து, முழுமையான ஓர் அலகாகக் கற்கப்பட வேண்டிய சொற்றொடர் என்பதே பால்மர் சொற்சேர்க்கைக்குத் தந்த விளக்கத்தின் சாரம்.

இவ்விடர்ப்பாட்டின் தன்மையைத் தமிழர் எளிதில் உணரலாம். யப்பானியரும் கனவைக் 'காண்பர்', மருந்தைக் 'குடிப்பர்'. ஆங்கிலேயரோ கனவை உடையராவர், மருந்தை எடுப்பர். ஆகவே தோக்கியோ மாணவன் எந்த இடத்தில் வழுக்கினானோ, அந்த இடத்திலேயே தமிழ் மாணவனும் வழுக்குகின்றான். இவ்வழு அறியாமையின் விளைவன்று. தன் மொழியைச் செம்மையாக அறிந்திருத்தலின் விளைவாகும்.

இதே காலத்திற் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த வங்காளத்தில், டாக்கா ஆசிரிய பயிற்சிக் கல்லூரியின் அதிபராக விளங்கிய மைக்கல் வெஸ்ற் வேறொரு வழியால் இப்பிரச்சினையை அணுகினார். வங்காளத்து இருமொழிநிலை பற்றிய அவரது ஆய்வு 1926இல் வெளியாயிற்று. மாணவருட் பலர் இடையிலேயே கல்வியைக் கைவிடுதலைக் கண்ட அவர், இடையில் விலகுவோருக்கும் பயன் எஞ்ச வேண்டுமாயின், வாசிப்புத் திறனே முதலில் வளர்க்கப்பட வேண்டும் என வாதித்தார். 1935இல் என்டிகொற் என்பாருடன் இணைந்து அவர் வெளியிட்ட அகராதி, சொற்களும் மரபுத்தொடர்களுமாக ஏறத்தாழ 24,000 உருப்படிகளை 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. பேச்சை முதன்மைப்படுத்திய பால்மரும் வாசிப்பை முதன்மைப்படுத்திய வெஸ்ற்றும் கொள்கையால் வேறுபட்டனர். ஆயின் கற்போரின் நிலையிலிருந்தே இருவரும் ஆங்கிலத்தை நோக்கினர்.

இம்முயற்சிகள் யாவும் ஹோர்ன்பியிடம் ஒன்றுசேர்ந்து முதிர்ந்தன. 1924இல் யப்பானின் ஒயித்தா என்னுமிடத்துக்கு ஆசிரியராகச் சென்ற இவர், பின்னர் பால்மரின் நிறுவகப் பணியில் இணைந்தார். 1936இற் பால்மர் யப்பானைவிட்டு நீங்கிய பின்னரும் கேற்றன்பி, வேக்பீல்ட் ஆகியோருடன் சேர்ந்து கற்போருக்கான அகராதியொன்றை உருவாக்கினார். எவ்வினை எவ்வமைப்பில் வரும் என்பதை 25 வாய்பாடுகளால் அவ்வகராதி காட்டியது. 1941 டிசெம்பரில் யுத்தம் யப்பானுக்கும் பரவவே, ஹோர்ன்பி தடுத்துவைக்கப்பட்டு, மறு ஆண்டு நாட்டைவிட்டு வெளியேறினார். ஆங்கிலம் பகைவரின் மொழி எனப் பழிக்கப்பட்ட அந்த 1942ஆம் ஆண்டிலேயே, தோக்கியோவின் கயித்தக்குஷா பதிப்பகம் அந்நூலை வெளியிட்டது. மரபுத்தொடரும் சொற்றொடரமைப்பும் என்னும் இரண்டுமே அதன் பெயரில் இடம்பெற்றன. 1948இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் அதே நூலை வேறு பெயரில் வெளியிட்டது. உலகெங்கும் மாணவர் கையாளும் ஒக்ஸ்போட் உயர்நிலைக் கற்போர் அகராதியின் மூலம் இதுவே. நூலட்டையில் ஒக்ஸ்போட்டின் பெயரைக் காண்போருள், அதன் பிறப்பிடம் தோக்கியோ என்பதை அறிந்தோர் சிலரே.

இவ்வரலாறு எமக்கு வெறுந் தகவலன்று. ஆங்கில மரபுத்தொடர்கள் எமது நாட்டிற் கல்விப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. அவை வர்க்கத்தின் அடையாளமாகவும் விளங்கின. இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்னும் பெயர் வழங்கியது. 1984இற் பேராசிரியர் திரு கந்தையா இப்பெயரைத் தலைப்பிற் கொண்டே, ஆங்கிலம் அதிகாரக் கருவியாய் இயங்குமாற்றை ஆராய்ந்தார். இலக்கண வழுவைத் திருத்திக்கொள்ள விதியொன்று உண்டு. மரபு வழுவிற்கோ அத்தகைய விதி இல்லை; அது வீட்டில் ஆங்கிலம் வழங்குவோர்க்கு இயல்பாகவே கைவருவது. எனவேதான் கிராமப் பாடசாலையிலிருந்து வரும் மாணவனை விலக்கிவைப்பதற்கு மரபுத்தொடர் கூரிய வாளாயிற்று. வகுப்பறையில் எழும் ஏளனச் சிரிப்பொன்று அவனைப் பல மாதங்கள் வாய்திறவாதிருக்கச் செய்யப் போதுமானது.

ஆயின் வரலாறு காட்டும் உண்மை வேறு. அத்தகைய மாணவரின் இடர்ப்பாடே ஆங்கிலத்தின் மறைந்த இயல்புகளை ஆங்கிலேயருக்கும் வெளிப்படுத்தியது. கற்போரின் வழுக்களே அகராதிக் கலைக்கு மூலப்பொருளாயின. எனவே, அவற்றை நகைத்தற்குரியனவாகக் கொள்வது கல்விநெறிக்கு ஒவ்வாது. அவை பதிந்து ஆராய்தற்குரியன. மரபுத்தொடர்ப் பட்டியலை மனனஞ் செய்விப்பதினும், தமிழ் வழக்கும் ஆங்கில வழக்கும் எங்கே பிரிகின்றன எனக் காட்டிக் கற்பித்தல் பயனுடையது. சயித்தோ தம் மாணவரின் தாய்மொழியிலிருந்தே ஆங்கிலத்தினை நோக்கினார். தமிழ் மாணவருக்கு ஆங்கிலங் கற்பிப்போரும் தமிழிலிருந்தே தொடங்குதல் வேண்டும். கனவு காணும் மொழியை அறிந்தவனுக்கே, கனவை உடையராகும் மொழியின் புதுமை நன்கு விளங்கும்.