ஹேர்மிஸைத் தெரியும், ஹொலிஹொக்கைத் தெரியுமா?

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய கப்பல் எது என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் "ஹேர்மிஸ்" என்று உடனே சொல்வார்கள். அதே நாளில், அதே கடலில், அதற்குத் தெற்கே இன்னொரு சிறிய போர்க்கப்பலும் மூழ்கியது. அதன் பெயர் எச்.எம்.எஸ். ஹொலிஹொக்.

இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் கட்டப்பட்டு 1940 ஓகஸ்டில் நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. "கொர்வெட்" எனப்படும் சிறிய ரகம். இந்த வகைக் கப்பல்கள் ஒவ்வொன்றுக்கும் பிரித்தானியர் ஒரு பூவின் பெயரை வைத்தார்கள். ஹொலிஹொக் என்பது நமது செவ்வரத்தைக்கு உறவான ஒரு பூ. ஏறத்தாழ 62 மீற்றர் நீளம், மணிக்கு 16 கடல் மைல் வேகம், முன்பக்கத்தில் ஒரு 4 அங்குலப் பீரங்கி. திமிங்கில வேட்டைக் கப்பலின் அமைப்பைப் பார்த்து வரையப்பட்டது. வேலை, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போவது. நீர்மூழ்கியை விரட்டத்தான் அதைச் செய்தார்கள். கூட்டமாக வரும் குண்டுவீச்சு விமானங்களுக்கு முன் நிற்பதற்கு அல்ல.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த இலக்கு திருகோணமலை என்று தெரிந்ததும், 8ஆம் திகதி இரவு துறைமுகத்திலிருந்த கப்பல்களைக் கரையோரமாகத் தெற்கே போகச் சொன்னார்கள். மறுநாள் திருகோணமலை தாக்கப்பட்டது. ஆனால் வெளியேறிய கப்பல்களும் தப்பவில்லை. விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸில் அன்று ஒரு விமானமும் இல்லை. 307 பேருடன் அது மூழ்கியது. துணைக்குப் போன அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது.

ஹொலிஹொக் அன்று அதல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது. மட்டக்களப்புக்குத் தென்கிழக்கே சுமார் 30 கடல் மைல் தூரத்தில், அதாவது எங்கள் கல்முனைப் பக்கக் கடலில், இரண்டையும் விமானங்கள் தாக்கின. அதல்ஸ்டேன் மூழ்கியது, ஆனால் அதிலிருந்த ஒருவரும் இறக்கவில்லை. ஹொலிஹொக் குண்டுபட்டு வெகு விரைவில் மூழ்கியது. கட்டளை அதிகாரி உட்பட அதன் மாலுமிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காவல் காக்கப்பட்டவர்கள் உயிரோடு கரை சேர, காவலுக்கு வந்தவர்கள் கடலோடு போனார்கள்.

அது எங்களுடைய யுத்தம் அல்ல. எங்களை ஆண்டவர்களுக்கும் எங்களை ஆள வந்தவர்களுக்கும் நடந்த சண்டை. ஆனாலும் அது நடந்தது எங்கள் மீனவர்கள் வலை போடும் கடலில். இறந்த மாலுமிகளின் பெயர்கள் பிரித்தானியாவின் நினைவுத் தூண்களில் இருக்கின்றன. எங்கள் கரையில் அன்று வாழ்ந்தவர்கள் எதைக் கேட்டார்கள், எதைக் கண்டார்கள், எங்கே ஓடி ஒளிந்தார்கள் என்பதற்குத்தான் எழுத்து குறைவு.

அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு மூத்தவாப்பாவோ உம்மும்மாவோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் இருந்து கேளுங்கள். தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பெற்றோரிடம் கேட்ட கதையாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே எழுதுங்கள். ஊரின் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.