தொழிலகப் பொறியியல் முதுநிலைப் பட்டம்

தொழிலகப் பொறியியல் முதுநிலைப் பட்டம் என்பது மனிதர், இயந்திரம், மூலப்பொருள், ஆற்றல் ஆகியன இணைந்து இயங்கும் முறைமைகளை வடிவமைக்கவும் மேம்படுத்தவும் கற்பிக்கும் மேற்படிப்பு ஆகும். இந்தியாவில் இது பொதுவாக இரண்டு ஆண்டு எம்.இ. அல்லது எம்.டெக். படிப்பாக உள்ளது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இது கற்பிக்கப்படுகிறது.

பாடத்திட்டம்

செயற்பாட்டு ஆய்வு, பணி ஆய்வு, தரக் கட்டுப்பாடு, பணிச்சூழலியல் ஆகியன முதன்மையான பாடங்களாகும். இறுதியில் மாணவர் ஆய்வேடு அளிப்பர்.

பின்னணி

பணி ஆய்வின் ஒரு பகுதியான நேர ஆய்வை பிரெடெரிக் டெய்லர் வளர்த்தெடுத்தார். நிறுத்தற்கடிகாரம் கொண்டு வேலையை அளக்கும் இம்முறையை எதிர்த்து, 1911 இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிராங்க், லில்லியன் கில்பிரெத் இணையர் உடல் அசைவுகளையும் களைப்பையும் ஆராய்ந்தனர். இவ்விரு மரபுகளும் இப்படிப்பில் இடம்பெறுகின்றன. வேலை நேரத்தை அளக்கக் கற்கும் மாணவர், அவ்வேலை தொழிலாளரின் உடலுக்கு ஏற்றதா என்பதை மதிப்பிடவும் கற்கின்றார்.