பாணிலும் நீரிலும் அலுமினியம்

புவியோட்டில் மிகுதியாகக் காணப்படும் உலோகம் அலுமினியமாகும். எனினும் உயிரினங்களின் உடற்றொழிற்பாட்டில் அதற்கெனப் பங்கெதுவும் இதுவரை அறியப்படவில்லை. பாறையிலும் களிமண்ணிலும் பிணைந்து கிடக்கும் வரை பெரிதும் தீங்கற்ற இவ்வுலோகம் மனித உடலுட் புகுந்த வரலாறு, விஞ்ஞான வரலாறு மட்டுமன்று, சமூக வரலாறுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில், தரங்குறைந்த மாவாற் செய்த பாணை வெண்மையாக்கும் பொருட்டுப் பேக்கரியாளர் படிகாரத்தைக் கலந்தனர். படிகாரம் ஓர் அலுமினியச் சேர்வை. 1850களில் ஆதர் ஹில் ஹசால் தம் ஆய்வுகள் மூலம் இக்கலப்படத்தை அம்பலப்படுத்தினார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில், தொழிலாளர் உண்ட பாணிற் கலந்திருந்தவற்றுள் படிகாரத்தையும் மார்க்ஸ் சுட்டினார்.

வாந்திபேதி நீர்வழிப் பரவுவதை நிறுவ உழைத்த மருத்துவர் ஜோன் ஸ்னோ, 1857இல் வேறொரு வினாவை எழுப்பினார். கடைப்பாண் உண்ணும் இலண்டனிற் குழந்தைகளின் என்புகள் வளையும் றிக்கெற்ஸ் நோய் மலிந்திருப்பதேன்? படிகாரம் உணவிலுள்ள பொசுபேற்றைப் பிணைத்து, என்பு வளர்ச்சிக்கு உதவாமற் செய்கிறது என்பது அவர் விடை. அந்நோயின் முதன்மைக் காரணம் விற்றமின் டீ குறைபாடே எனப் பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் அவர் கூறிய இரசாயனம் பிழையன்று.

அவ்விரசாயனமே இருபதாம் நூற்றாண்டில் மருந்தாயிற்று. சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதியில் மிகும் பொசுபேற்றைக் குறைக்க அலுமினியம் ஐதரொட்சைட்டு வழங்கப்பட்டது. டயலிசிஸ் சிகிச்சைக்குப் பயன்பட்ட நகர நீரும் பல இடங்களில் அலுமினியம் சல்பேற்றினால் தெளிவாக்கப்பட்டதே. ஆரோக்கியமான குடல் அலுமினியத்தை மிகச் சிறிதளவே உறிஞ்சும். அதனையும் சிறுநீரகம் வெளியேற்றும். இந்நோயாளருக்கோ அவ்விரு காப்புகளும் பயன்படவில்லை. சிகிச்சை நீரின் அலுமினியம் குடலைத் தவிர்த்து நேரே குருதியிற் கலந்தது. அதை வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை. பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, அறிவு மழுங்கல் என்பன தோன்றி, பலர் மாண்டனர்.

1976இல் டென்வரில் அல்ஃப்ரேயும் குழுவினரும் அவ்வாறு இறந்தோரின் மூளையின் சாம்பல்நிறப் பகுதியை ஆராய்ந்தனர். உலர்நிறையில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 25 மில்லிகிராம் அலுமினியம் இருந்தது. பிறரில் அது 2.2 மட்டுமே. மூளைநோயும் என்புமுறிவும் நீரில் அலுமினியம் மிகுந்த நிலையங்களிலேயே கூடுதல் என்பதை 1979இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. நீர் தூய்மையாக்கப்பட்டதும் இந்நோய்கள் அருகின.

பாணை வாங்கிய தொழிலாளியும் இயந்திரத்துடன் இணைக்கப்பட்ட நோயாளியும் தம்முள் நுழைவது யாதென அறிந்திலர். இருவரையும் காத்தது தனிமனித விழிப்பன்று. 1875ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச்சட்டமும் நீர்த்தர விதிகளும் போன்ற பொதுக் கட்டுப்பாடுகளே. நஞ்சைக் கண்டறிவது ஆய்வுகூடத்தின் பணி. அதை அகற்றுவது சமூகத்தின் பொறுப்பு.