கானரியா, பிஞ்சா? இரு கூண்டுப் பறவைகளின் சரித்திரம்

எங்கள் தோட்டத்து மண்டோர் ஒருவர் சின்னாட்களுக்கு முன் ஆபீஸ் வாசலில் என்னைக் கண்டு, "கிராணி ஐயா, பையன் குருவி வளர்க்க வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறான். பட்டணத்துக் கடையில் மஞ்சள் கானரியும் இருக்கிறது. பிஞ்ச் என்னும் சிறு குருவியும் இருக்கிறது. எதை வாங்கலாம்?" என்று வினவினார். நிறத்தையும் விலையையும் பார்த்துத் தீர்மானிப்பதே உலக வழக்கம். யானோ, அவை கூண்டிற்கு வந்து சேர்ந்த சரித்திரத்தை முதலில் அறிய வேண்டுமென்றேன். ஒரு பறவை மனிதன் கைக்கு வந்த விதம் தெரிந்தால், அதற்கு வேண்டுவது யாது என்பது தானே விளங்கும். அவருக்குக் கூறியதையே ஈண்டு நேயர்களுக்கும் கூறுகின்றேன்.

அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ளவை கானரித் தீவுகள். நாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் தீவுகள் பெயர் பெற்றன என்பர். தீவுகளினின்றும் குருவி பெயர் பெற்றது. காட்டுக் கானரி முழு மஞ்சள் நிறத்ததன்று. பசுமை கலந்த மஞ்சளில் பழுப்புக் கோடுகள் ஓடிய எளிய குருவியே அது. 1402-ல் தொடங்கி 1496-ல் முடிவுற்ற போர்களால் அத்தீவுகள் ஸ்பெயினின் காஸ்டில் அரசர் வசமாயின. குருவியும் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்து, முதலில் செல்வர் மாளிகைகளின் அலங்காரமாயிற்று.

அதனை ஏழை வீட்டிற்குக் கொணர்ந்தவர் தொழிலாளரே. ஆல்ப்ஸ் மலைப் பகுதியாகிய டிரோலில் சுரங்க வேலை செய்தோர் கானரி வளர்த்தனர். அவ்வழக்கம் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைக்கும் பரவிற்று. அங்குள்ள சாங்க்ட் ஆண்டிரியாஸ்பெர்க் என்னும் சுரங்க ஊர், 19-ம் நூற்றாண்டில் கானரி வளர்ப்பிற்குப் பெயர் பெற்று விளங்கிற்று. கூலி போதாத குடும்பங்களுக்கு அது துணை வருவாய். வியாபாரிகள் சிறு மரக் கூண்டுகளை அடுக்கி முதுகில் சுமந்து ஊர் ஊராய்ச் சென்று விற்றனர். நன்றாய்ப் பாடும் சேவலின் அருகே இளஞ்சேவல்களை வைத்து, அவற்றிற்குப் பாட்டுக் கற்பித்தனர்.

அக்குருவி பின்னர் சுரங்கத்துள்ளும் இறங்கிற்று. 1896-ல் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடி விபத்து நேர்ந்து 57 பேர் மாண்டனர். அதனை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது வெடியன்று, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமுமில்லாத நச்சு வாயுவே என்று காட்டினார். சிறு பிராணிகள் மனிதனுக்கு முன்பே அதனால் மயங்குவன. ஆதலின் அவற்றை எச்சரிக்கையாய் உடன் கொண்டு செல்லலாம் என்றார். இவ்வாறு பிரிட்டிஷ் சுரங்கங்களில் புகுந்த கானரியின் இடத்தை 1986-ல் மின்கருவி பெறத் தொடங்கிற்று. மயங்கிய குருவிக்குப் பிராணவாயு கொடுத்து உயிர்ப்பிக்கும் கூண்டும் இருந்தது என்பது மனத்திற்கு ஆறுதல். எவ்வகைக் குருவியை வாங்கினும், கூண்டை அடுப்படியில் தொங்கவிடலாகாது என்பதே இதனின்று நாம் கொள்ளும் பாடம்.

இனிப் பிஞ்சைப் பார்ப்போம். பறவை நூலார் வகுப்பின்படி உண்மையான பிஞ்ச் கானரியே! கடைகளில் பிஞ்ச் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் நம் தினைக்குருவியின் சுற்றத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் இரண்டு பெயர் பெற்றவை. ஒன்று, சிவந்த அலகும் வரிகளோடிய வாலும் உடைய வரிக்குதிரைப் பிஞ்ச். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டமாய் வாழும் இது, 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கூண்டுகளை அடைந்தது. மற்றொன்று பெங்காலிப் பிஞ்ச். பெயரில் வங்காளம் இருப்பினும், அதனை ஆக்கியவர் ஜப்பானியர். 18-ம் நூற்றாண்டில் சீனாவினின்றும் வந்த வெண்முதுகுத் தினைக்குருவியைத் தலைமுறை தலைமுறையாய் வளர்த்து, காட்டில் இல்லாத புதுவகையை உண்டாக்கினர். அதன் ஜப்பானியப் பெயரை எழுதும் எழுத்துக்களுக்குப் பொருள் "பத்துச் சகோதரிகள்" என்பது. அது கூடி வாழும் பிறவி என்பதை அப்பெயரே கூறிவிடுகிறது.

இரண்டின் குரலிலும் இவ்வேற்றுமை உண்டு. கானரிச் சேவல் தன் எல்லையைக் காக்கவும் பேட்டை அழைக்கவும் உரத்துப் பாடுவது, அதே கூண்டில் மற்றொரு சேவலைச் சகியாது, தனித்திருந்தும் பாடும். வளர்ந்த கானரியின் மூளையிலும் புதிய நரம்பணுக்கள் தோன்றுகின்றன என்று பெர்னாண்டோ நாட்டபாம் என்னும் விஞ்ஞானி 1980-களில் காட்டினார். அது ஆண்டுதோறும் தன் பாட்டைப் புதுப்பிக்க வல்லது. வரிக்குதிரைப் பிஞ்சோ, இளமையில் தந்தையிடம் கற்ற ஒரே சிறு பாட்டை ஆயுள் முழுதும் பாடும். அருகிலிருக்கும் துணைக்கு அது போதும். துணையின்றேல் அதற்கு வாழ்வில்லை.

இதனை யான் அறிந்தது பிழை செய்தே. வேலையில் சேர்ந்த புதிதில், ஒற்றை வரிக்குதிரைப் பிஞ்சை வாங்கி வந்தேன். அது நாள் முழுதும் ஓயாது கூவிற்று. மகிழ்ச்சியால் பாடுகிறதென்றெண்ணி, வந்தவர்க்கெல்லாம் பெருமையுடன் காட்டினேன். எட்டு மாதங்கள் சென்றபின் ஒரு நூலில் படித்தேன்: அது பாட்டன்று, பிரிந்த துணையைத் தேடும் அழைப்பு. மறுநாளே ஜோடி வாங்கிச் சேர்த்தேன், கூவல் அடங்கிற்று. ஓர் உயிரின் தனிமையை விருந்தினர்க்கு வேடிக்கையாக்கினேனே என்ற நாணம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

வலையில் பிடிபட்ட காட்டுக் குருவியை வாங்குவது இதனினும் கொடிது. இந்தியாவில் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1990-91-ல் தடுக்கப்பட்டன. காட்டுப் பறவை இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் நிலையாய்த் தடை செய்தது. ஆகவே, கூண்டிலேயே பிறந்த குருவிதானா என்று கடைக்காரரைக் கேட்பது வாங்குவோன் கடமை.

ஆகவே என் தீர்ப்பு இது. அமைதியான வீடும், அமர்ந்து கேட்கும் செவியும் உடையவர் ஒரு கானரிச் சேவலை வளர்க்கலாம். அதற்கு அவரே துணை. பகலெல்லாம் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றுவிடுவோர் வீட்டிற்குப் பிஞ்சே ஏற்றது; ஆனால் ஒன்றன்று, இரண்டு. மண்டோர் வீட்டு அஞ்சடியில் இப்போது "பத்துச் சகோதரிகள்" இரண்டு கூடு கட்டுகின்றன. ஒற்றைக் குருவி போதாதா, செலவு குறையுமே என்று அவர் முதலில் கேட்கத்தான் கேட்டார். பாட்டனார் ஒற்றை ஆளாய்க் கப்பலேறி இந்நாட்டில் வந்திறங்கிய கதையை அவரே எனக்குச் சொன்னதுண்டு. அதனை நினைவூட்டினேன், மேலும் விளக்க நேரவில்லை.