குழாயும் குண்டும்

இங்கிலாந்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். அவருடைய நண்பர் வீட்டு வரவேற்பறையில் முதல் உலகப்போர்க் கால ஸ்டோக்ஸ் மோர்ட்டார். "என்ன சார், தண்ணிக் குழாய் மாதிரி இருக்கு?" என்று கேள்வி.

குழாய்தான்! 1915-இல் இதை வடிவமைத்த வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ் ராணுவத்தார் அல்ல. இப்ஸ்விச்சில் கிரேன் செய்யும் கம்பெனியை நடத்திய பொறியாளர். ஒரு குழாய், அடித்தட்டு, முன்னால் இரண்டு கால். அவ்வளவே. வாய்வழியாகக் குண்டைப் போட்டால் அடியிலுள்ள ஊசியில் மோதி, மருந்து பற்றி, வந்த வழியே கிளம்பிவிடும். கையிருப்பிலிருந்த குண்டுகளுக்குப் பொருந்தாது என்று முதலில் ஒதுக்கிவிட்டார்கள். லாயிட் ஜார்ஜ் தலையிட்ட பிறகுதான் போர்முனைக்குப் போனது.

இன்று பிரிட்டனில் இதுபோன்ற ஆயுதத்தை லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைக்க வேண்டுமானால், இனிச் சுடவே முடியாதபடி சிதைத்து, லண்டன் அல்லது பர்மிங்காம் ஆயுதச் சோதனை நிலையத்தில் முத்திரையும் சான்றிதழும் பெறுவது வழக்கம். பழம்பொருளை வெட்டுகிறார்களே என்று சேகரிப்பாளர்களுக்கு வருத்தம். எனக்கு இல்லை.

குண்டு விஷயம் வேறு. பிரான்ஸ், பெல்ஜியம் வயல்களில் இன்றும் ஏர் உழும்போது வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. துருப்பிடித்ததாலேயே மருந்து செத்துவிடாது. தம்பி, படத்தில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு குண்டும் நிற்கிறதே, உள்ளே காலி என்று யாராவது சோதித்தார்களா? நண்பரிடம் கேட்டுச் சொல்லப்பா.